என்ன வரம் வேண்டும், கண்ணே?

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்குப் பூட்டுப் போட்டதும் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. விடிந்ததும் ஒருவன் டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுவான், இன்னொருத்தி அப்பாவின் செல்போனை எடுத்துக்கொண்டு கட்டிலுக்குப் பின்னால் மறைந்துவிடுவாள். "என்னடி பார்க்கிறாய்?" என்று கேட்டால், கண்ணைத் திருப்பாமலே பதில் வரும்: "கார்ட்டூன் படம், அம்மா!"

ஒரு நிமிஷம் பக்கத்தில் போய் எட்டிப் பாருங்கள். அநேகமாக நமக்குப் பழக்கமான கதையாகத்தான் இருக்கும். ஒரு சிறுவனுக்கோ சிறுமிக்கோ எங்கிருந்தோ ஒரு பழைய விளக்கு அகப்படும். விளக்கு இல்லாவிட்டால் ஒரு கல், ஒரு புத்தகம், வானத்திலிருந்து விழுந்த ஒரு குட்டி நட்சத்திரம். அதிலிருந்து ஒரு பூதம் குபுகுபுவென்று கிளம்பி, கைகட்டி நின்று, "என்ன வேண்டும், கேள்!" என்று சொல்லும். குழந்தை கேட்கும், பூதம் கொடுக்கும், வீடு தலைகீழாகும். கடைசியில் எல்லாரும் அழுது, சிரித்து, ஒருவரையொருவர் கட்டிக்கொள்வார்கள். சுபம்!

உடனே நீங்கள் சொல்வது என்ன என்றும் எனக்குத் தெரியும். "எல்லாம் பொய்! உழைக்காமலே எல்லாம் வந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளப் போகின்றன" என்பீர்கள். உங்கள் கவலை நியாயமானதுதான். ஆனால் டி.வி.யை அணைப்பதற்கு முன்னால், அந்தப் பூதம் கேட்கிற கேள்வியை நீங்களும் ஒரு தடவை உங்கள் குழந்தையிடம் கேட்டுப் பார்த்தால் என்ன? "உனக்கு என்ன வரம் வேண்டும், கண்ணே?" அதற்கு வருகிற பதிலில், உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கே தெரியாத ஒரு சங்கதி இருக்கக்கூடும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

கத்தரிக்கோல் செய்த மாயம்

இந்தச் சித்திரப் படங்கள் எப்படி உண்டாகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். குழந்தைகள் கேட்டால் சொல்லலாம் அல்லவா? சினிமாத் திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிஷத்துக்கு 1,440. ஒன்றரை மணி நேரப் படம் என்றால் 1,29,600! நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் இத்தனையையும் காமிரா தானே பிடித்துக்கொள்கிறது. சித்திரப் படத்தில் அது நடக்காது. குழந்தை கையைத் தூக்கினாலும், பூதம் கண்ணைச் சிமிட்டினாலும், ஒவ்வோர் அசைவையும் யாராவது உட்கார்ந்து வரைந்தாக வேண்டும். ஒரே சித்திரத்தை இரண்டு தடவை படம் பிடித்து வேலையைப் பாதியாகக் குறைப்பது உண்டு. அப்படிப் பார்த்தாலும் அறுபதாயிரத்துக்கு மேல் ஆகிறது! இப்போது கம்ப்யூட்டர் வந்து பென்சிலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது என்றாலும், வரைகிறவர்களுக்கு ஓய்வு கிடைத்தபாடில்லை.

இன்றைக்கும் பார்க்கக் கிடைக்கிற முழுநீளச் சித்திரப் படங்களில் மிகப் பழையதை எடுத்தவர் யார் தெரியுமா? ஒரு பெண்மணி! ஜெர்மனியைச் சேர்ந்த லோட்டே ரைனிகர் என்பவர். அவருடைய கையில் இருந்த ஆயுதம், நம் வீட்டுத் தையல் பெட்டியில் இருக்கிற கத்தரிக்கோல்தான். கறுப்பு அட்டையில் உருவங்களை வெட்டினார். கை கால்களைத் தனித் தனியே வெட்டி மூட்டு வைத்து இணைத்தார். அடியில் விளக்கை வைத்து, மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்தார். 1923-இல் தொடங்கிய வேலை 1926-இல் முடிந்தது. படத்தின் பெயர் 'இளவரசர் அகமதின் சாகஸங்கள்'. கதை, ஆயிரத்தோர் இரவுகளிலிருந்து எடுத்தது. அலாவுதீனும் அவனுடைய அற்புத விளக்கும் அதில் வருகிறார்கள். வெள்ளைத் துணிக்குப் பின்னால் விளக்கு வைத்து ஆட்டும் தோற்பாவைக் கூத்தைப் பார்த்து வளர்ந்த நம் பாட்டிமாருக்கு இந்த வித்தை அப்படி ஒன்றும் புதிதாகத் தோன்றியிராது.

'உழைக்காமல் வரம் கிடைக்கும்' என்று காட்டுகிற படத்துக்குள் எவ்வளவு உழைப்பு இருக்கிறது, பார்த்தீர்களா? குழந்தையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். பூதத்தை வரவழைத்தது விளக்கு அல்ல, மூன்று வருஷம் கத்தரிக்கோல் பிடித்த ஒரு கை என்று தெரிந்தால், குழந்தைக்குப் படத்தின்மேல் ருசி குறையாது, கூடத்தான் செய்யும்.

சேலத்தில் ஒரு குகை

ஆயிரத்தோர் இரவுகள் என்றதும் பாக்தாத் நகரத்துக்கு டிக்கெட் வாங்க வேண்டாம். சேலத்தில் ஏற்காடு சாலை வரையில் போனால் போதும். அங்கே ஒரு முகப்பு வளைவு நிற்கிறது. ஒரு காலத்தில் அதற்குள்ளே அரண்மனைகள் இருந்தன, காடுகள் இருந்தன, நாற்பது திருடர்கள் இருந்தார்கள். அதுதான் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ.

அதை 1935-இல் நிறுவிய டி. ஆர். சுந்தரம், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்தவர். ஜவுளி வியாபாரக் குடும்பம். தறிச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த பிள்ளையை, அதே தொழிலை இன்னும் நன்றாகக் கற்று வரட்டும் என்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக்கு அனுப்பினார்கள். அவரும் ஜவுளித் தொழில் படித்துத் திரும்பி வந்தார். வந்தவர் தறியை விட்டுக் காமிராவைப் பிடித்தார்! சென்னைப் பட்டணத்துக்குப் போகாமல், ஏற்காட்டு மலையின் அடிவாரத்திலேயே ஸ்டூடியோவைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938-இல் இங்கேதான் உருவாயிற்று. 1950-இல் 'மந்திரி குமாரி' இங்கிருந்துதான் வந்தது.

அப்புறம் 1956. அந்த வருஷம் பொங்கலன்று வெளியாயிற்று 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. சுந்தரமே டைரக்ட் செய்தார். எம். ஜி. ராமச்சந்திரன் அலிபாபா, பி. பானுமதி மார்ஜியானா, திருடர் தலைவனாக பி. எஸ். வீரப்பா. அதுவரையில் தமிழில் முழுநீளக் கலர்ப் படம் வந்ததில்லை. அதுதான் முதல். பெல்ஜியம் தேசத்துக் கம்பெனியின் கேவாகலர் பிலிமில் எடுத்த படம் அது. கறுப்பும் வெளுப்புமாகவே சினிமா பார்த்துப் பழகிய ஜனங்களுக்கு முன்னால், பாறை நகர்ந்து, குகை திறந்து, உள்ளே பொன்னும் மணியும் நிஜமான நிறத்தில் பளபளத்தால் எப்படி இருந்திருக்கும்! சித்திரப் படம் அல்லவென்றாலும், இந்தச் சீமைக் குழந்தைகளுக்கு அன்று கிடைத்த மாயப் படம் அதுதான்.

சுந்தரம் 1963-இல் காலமானார். ஸ்டூடியோவும் பிற்காலத்தில் மூடிக்கொண்டது. குகை மூடினாலும், கதை மூடவில்லை. பேரப் பிள்ளைகள் இப்போது அதைக் கையகலக் கண்ணாடியில் பார்க்கிறார்கள்.

எள்ளும் உப்பும்

அலிபாபா கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். ஆனால் அதில் அடுப்பங்கரை சம்பந்தப்பட்ட இரண்டு விஷயங்கள் உண்டு; அவற்றைப் பெண்கள்தான் சரியாகக் கவனிக்க முடியும்.

கதை ஐரோப்பாவுக்கு வந்த விதமே ஒரு கதை. அலெப்போ நகரத்திலிருந்து வந்த ஹன்னா தியாப் என்ற வாலிபர், 1709-இல் பாரிஸில் அந்துவான் கலான் என்ற பண்டிதருக்குச் சில கதைகளை வாயால் சொன்னார். அலாவுதீன் கதையும் அலிபாபா கதையும் அவற்றில் இருந்தன. கலான் தம்முடைய 'ஆயிரத்தோர் இரவுகள்' மொழிபெயர்ப்பில் அவற்றைச் சேர்த்து அச்சிட்டார். பழைய அரபுக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த இரண்டும் இல்லை. உலகத்துக் குழந்தைகளெல்லாம் இன்று பார்க்கிற விளக்கும் குகையும், ஒருவர் வாய்விட்டுச் சொல்லி இன்னொருவர் காதுகொடுத்துக் கேட்டதால் வந்தவை.

முதல் விஷயம், எள். குகையைத் திறக்கும் 'சீசேம்' என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறொன்றும் இல்லை. நாம் சனிக்கிழமை விளக்கேற்றும் நல்லெண்ணெய்க்கு மூலமான எள்தான். மானாவாரிக் காட்டில் எள் விதைத்த குடும்பத்தாருக்குத் தெரியும்: முற்றிய எள்ளுக்காய், யாரும் தொடாமலே பட்டென்று வெடித்துத் திறக்கும். அலிபாபாவின் அண்ணன் காசிம் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டு சுலபமாக உள்ளே போய்விட்டான். பொற்காசுகளைப் பார்த்த மயக்கத்தில் வெளியே வருகிற சொல் மறந்துபோயிற்று. கலான் எழுதிய கதையில், எள்ளை மறந்த அவன் பார்லியைச் சொல்லிப் பார்க்கிறான். இன்னும் என்னென்னவோ தானியத்தின் பெயரையெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். கதவு அசையவில்லை. தான் தினம் தின்கிற தானியத்தின் பெயர்கூட நினைவுக்கு வராத அளவுக்கு ஒருவனுக்குப் பேராசை பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா?

இரண்டாவது விஷயம், உப்பு. திருடர் தலைவன் வியாபாரி வேஷத்தில் விருந்துக்கு வருகிறான். உப்புப் போட்ட பண்டம் தனக்கு ஆகாது என்கிறான். வீட்டிலுள்ள ஆண்களுக்கு இது ஒன்றும் பெரிதாகப் படவில்லை. சமையல் செய்கிற அடிமைப் பெண் மார்ஜியானாவுக்கு மட்டும் சுருக்கென்று தைக்கிறது. ஒரு வீட்டு உப்பைத் தின்றுவிட்டு அந்த வீட்டுக்குத் துரோகம் செய்ய அஞ்சுகிறவன்தான் உப்பை ஒதுக்குவான்! 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது விளங்காமல் போகுமா? அன்று குடும்பத்தைக் காப்பாற்றியது குகையும் இல்லை, மந்திரமும் இல்லை; அடுப்பங்கரையில் நின்ற ஒரு பெண்ணின் புத்திதான். உங்கள் மகளோடு இந்தக் கதையைப் பேசும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நின்று போங்கள்.

இரண்டு தலை நெசவாளி

வரம் கேட்கிற கதைக்கு நாம் அரபு தேசத்தை நம்பியிருக்கவில்லை. பஞ்சதந்திரத்திலேயே ஒன்று இருக்கிறது. அதுவும் நெசவாளியின் கதை! திருச்செங்கோடு, இளம்பிள்ளை, இராசிபுரம் என்று தறிகளுக்கு நடுவில் வாழ்கிற நமக்காகவே எழுதியதுபோல் இருக்கும்.

மந்தரகன் என்ற நெசவாளியின் தறிச் சாமான்கள் உடைந்துபோகின்றன. புதிதாகச் செய்வதற்கு மரம் தேடிக் காட்டுக்குப் போகிறான். ஒரு பெரிய மரத்தை வெட்டப் போகும்போது, அதில் குடியிருக்கும் தேவதை, "இது என் வீடு, விட்டுவிடு, பதிலுக்கு வேண்டிய வரம் கேள்" என்கிறது. வீட்டில் கலந்துகொண்டு வருகிறேன் என்று அவன் திரும்புகிறான். வழியில் நாவித நண்பன், "ராஜ்யத்தைக் கேள். பெண்டாட்டி பேச்சைக் கேட்காதே!" என்று யோசனை சொல்கிறான். வீட்டுக்கு வந்ததும் மனைவி சொல்கிறாள்: "ராஜ்யம் என்றால் தொல்லை. இன்னொரு தலையும் இன்னும் இரண்டு கையும் கேளுங்கள். முன்னால் ஒரு துணி, பின்னால் ஒரு துணி என்று நெய்யலாம். ஒன்று வீட்டுச் செலவுக்கு ஆகும். இன்னொன்றை வைத்து மற்றக் காரியங்களைப் பார்த்துக்கொள்ளலாம்." அவனும் அப்படியே கேட்டான், கிடைத்தது. ஊருக்குள் வந்தவனை ஜனங்கள் ராட்சசன் என்று நினைத்து, கம்பாலும் கல்லாலும் அடித்துக் கொன்றுவிட்டார்கள்.

கதை சொன்னவர் பழியை அந்தப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆனால் சகோதரிகளே, நீங்களே சொல்லுங்கள். அவள் நகை கேட்டாளா? மாளிகை கேட்டாளா? உலகத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று தேவதையே வந்து சொன்னபோதும், இன்னும் ஒரு முழத் துணி கூடுதலாக நெய்வதற்கு வழி உண்டா என்றுதான் அவளுக்கு யோசிக்கத் தெரிந்தது. ஒரு தறி வருமானத்தில் ஒரு வீட்டை நடத்திப் பார்த்தவளின் மனத்தில் அதற்கு மேல் எது எழும்? அவளுடைய வரம் அவளுடைய ஆசையைக் காட்டவில்லை. அந்த வீட்டில் எது போதவில்லை என்பதைக் காட்டுகிறது.

வரம் என்பது அப்படிப்பட்ட ஒரு கண்ணாடி. அதனால்தான் குழந்தையிடமும் கேட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

அலாவுதீன் கேட்ட சோறு

அலாவுதீன் கதையிலும் இதைக் காணலாம். அவனும் துணி சம்பந்தப்பட்ட வீட்டுப் பிள்ளைதான். தையற்காரரின் மகன், தகப்பனார் போன பிறகு தாய் பருத்தி நூற்றுப் பிழைக்கிறாள். குகையிலிருந்து விளக்கை எடுத்து வந்த மறுநாள் வீட்டில் சாப்பிட ஒன்றும் இல்லை. விளக்கை விற்று ஏதாவது வாங்கலாம் என்று, அதைப் பளிச்சென்று ஆக்குவதற்காகத் தாய் மணல் போட்டுத் தேய்க்கிறாள். பூதம் வந்துவிடுகிறது! அவள் மயங்கி விழுகிறாள். அலாவுதீன் விளக்கைப் பிடுங்கிக்கொண்டு கேட்கிற முதல் வரம் என்ன? பொன்னா? இளவரசியா? "பசிக்கிறது. சாப்பிட ஏதாவது கொண்டு வா" என்பதுதான்!

இந்தக் காட்சியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1956-ஆம் வருஷத்தின் இன்னொரு செய்தி நினைவுக்கு வரும். சேலத்து அலிபாபா வெளியான அதே வருஷத்தில்தான் காமராஜர் காலத்துப் பள்ளி மதிய உணவுத் திட்டம் பிறந்தது. அலிபாபாவாக நடித்தவரே முதலமைச்சராகி, 1982 ஜூலை முதல் தேதியன்று சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 2022-இல் காலைச் சிற்றுண்டியும் வந்து சேர்ந்தது. சத்துணவுத் தட்டில் வைக்கிற முட்டையில் பெரும்பகுதி நாமக்கல் கோழிப் பண்ணைகளிலிருந்து போவதுதான். பசித்த குழந்தையின் வரத்துக்குப் பூதம் வரவில்லை. அரிசி வந்தது, முட்டை வந்தது, விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டுகிற பெண்கள் வந்தார்கள். குழந்தை கேட்பதைப் பெரியவர்கள் காதில் போட்டுக்கொண்டால் இப்படியும் நடப்பது உண்டு.

ஆலமரத்து மான்

அலாவுதீனுக்கு மூன்றே வரம் என்று கணக்கு வைத்தது பிற்காலத்தார். கலானின் கதையில் அப்படிக் கணக்கே இல்லை. 1992-இல் டிஸ்னி கம்பெனியார் எடுத்த 'அலாவுதீன்' சித்திரப் படத்தில் மூன்று வரங்கள்தான். முதல் வரத்தில் அலாவுதீன் இளவரசனாகிறான். இரண்டாவது, தண்ணீரில் முழுகிக் கொண்டிருந்த அவன் உயிரைக் காப்பாற்றச் செலவாகிறது. மூன்றாவதைத் தனக்காக வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவன், பல்லாயிரம் வருஷமாக விளக்குக்குள் அடைபட்டிருந்த பூதத்தின் விடுதலைக்காக அதைக் கொடுத்துவிடுகிறான். படம் முழுவதும் எல்லாருக்கும் வரம் கொடுத்த பூதத்துக்கும் ஓர் ஆசை இருக்கும் என்று ஒரு பையன் யோசித்தான் அல்லவா? குழந்தைகள் அந்த இடத்தில் கைதட்டுவதற்குக் காரணம் அதுதான்.

நம் நாட்டிலும் இதற்கு முந்திய உதாரணம் உண்டு. டிஸ்னி ஸ்டூடியோவில் வேலை செய்த கிளேர் வீக்ஸ் என்பவர் 1956-இல் பம்பாய்க்கு வந்து, பிலிம்ஸ் டிவிஷனில் நம்மவர்களுக்குச் சித்திரப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பயிற்சியின் பலனாக 1957-இல் வந்ததுதான் 'ஆலமரத்து மான்' என்ற சிறு படம். அஜந்தா ஓவியங்களின் சாயலில் வரைந்தார்கள். கதை புத்த ஜாதகக் கதை. காசி ராஜாவின் சமையலுக்குத் தினம் ஒரு மான் என்று முறை வைத்திருந்தார்கள். ஒரு நாள் முறை ஒரு கர்ப்பிணி மானுக்கு வருகிறது. அதற்குப் பதிலாக மான்களின் அரசனே போய் வெட்டுமரத்தில் தலையை வைக்கிறது. ராஜா நெகிழ்ந்து, "உனக்கும் அவளுக்கும் உயிர் தந்தேன்" என்கிறான். மூல ஜாதகக் கதையில் மானரசன் அதோடு நிறுத்தவில்லை. "மற்ற மான்கள்?" என்று கேட்கிறது. கிடைக்கிறது. "மற்ற மிருகங்கள்? பறவைகள்? நீரில் இருக்கும் மீன்கள்?" ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, எல்லா உயிருக்கும் அபயம் வாங்கிக்கொண்டுதான் தலையை எடுக்கிறது. வரம் கேட்பதில் பேராசைக்காரன் என்றால் அந்த மானைத்தான் சொல்லவேண்டும்!

தமிழிலும் 2007-இல் 'இனிமே நாங்கதான்' என்ற முழுநீள முப்பரிமாணச் சித்திரப் படம் இளையராஜாவின் இசையோடு வந்தது. ஆனால் நம் ஊர்க் குழந்தையின் ஆசையை நம் ஊர் வீட்டிலேயே வைத்துக் காட்டுகிற சித்திரப் படங்கள் இன்னும் நிறைய வரவேண்டும். அதுவரை அந்த வேலையை நாம்தான் வீட்டில் செய்தாக வேண்டும்.

நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன கேட்பார்கள்?

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நாமக்கல் லாரிகளும், திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளும் வடநாடு வரையில் போகின்றன. அவற்றோடு போகிற தகப்பனார் வீடு திரும்ப வாரங்கள் ஆகும். சில வீடுகளில் மாதக் கணக்கு. விசைத்தறி வீட்டில் அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே இருப்பார்கள். ஆனால் தறிச் சத்தத்தில் குழந்தை பேசுவது காதில் விழாது. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசு செய்யும் வீடுகளில், ஊர்க் கால்களுக்கெல்லாம் சலங்கை கோக்கிற அம்மாவுக்குத் தன் மகளின் காலை உற்றுப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை.

இப்படிப்பட்ட வீட்டில் "என்ன வரம் வேண்டும்?" என்று கேட்டால், முதலில் சைக்கிள், சாக்லேட், பெரிய செல்போன் என்றுதான் பதில் வரும். அவசரப்பட்டுக் கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம்?" என்று கேளுங்கள். இரண்டாவது "அப்புறம்?"-க்கு, "அப்பா தீபாவளிக்கு முன்னாடியே வரணும்" என்று வரலாம். "வாத்தியார் என்னை எல்லார் முன்னாலும் திட்டக் கூடாது" என்று வரலாம். "நீயும் அப்பாவும் சண்டை போடாமல் இருக்கணும்" என்றும் வரலாம். நேராகக் கேட்டிருந்தால் குழந்தை இதையெல்லாம் சொல்லாது. பூதத்திடம் சொல்வதாக நினைத்துத்தான் அம்மாவிடம் சொல்கிறது!

பெண் குழந்தைகளிடம் இதைக் கேட்பதற்கு இந்தச் சீமையில் இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளை வரம் வேண்டிக் கோயில் மரத்தில் தொட்டில் கட்டுகிற வழக்கம் நமக்கு எவ்வளவு பழக்கமானது! அதே மண்ணில், 1992-இல் அரசாங்கம் வேறொரு தொட்டிலை வைக்க நேர்ந்தது. பிறந்த பெண் சிசுவைக் கொன்றுவிடாதீர்கள், வேண்டாமென்றால் எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லி, தொட்டில் குழந்தைத் திட்டத்தை முதன் முதலில் சேலம் மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது சேலம் மாவட்டத்துக்குள்ளேயே இருந்தன. பிறப்பதே யாரும் கேட்காத வரமாக இருந்த பெண்ணிடம், "உனக்கு என்ன வேண்டும்?" என்று யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆகையால் வீட்டில் ஆணும் பெண்ணுமாக இரண்டு குழந்தைகள் இருந்தால், முதலில் பெண்ணிடம் கேளுங்கள். மார்ஜியானாவின் புத்தி யாரிடம் இருக்கிறது என்று யார் கண்டது?

மூன்று வரம்

லீவு நாளில் ஒரு சாயங்காலம் இப்படிச் செய்து பாருங்கள். குழந்தைகளோடு உட்கார்ந்து வரம் கேட்கிற படம் ஒன்றைக் கடைசி வரையில் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாலும் சரி, தார் சுற்றினாலும் சரி. எழுந்து மட்டும் போய்விடாதீர்கள். படம் முடிந்ததும் மூன்று வரம் கேட்கச் சொல்லுங்கள். முதல் வரம் தனக்கு. இரண்டாவது வீட்டுக்கு. மூன்றாவது, வீட்டில் இல்லாத யாராவது ஒருவருக்கு. இந்த மூன்றாவது வரத்துக்குத்தான் குழந்தை அதிக நேரம் யோசிக்கும். அந்த யோசனையை இடையில் கலைக்காதீர்கள்.

பதிலைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அக்கம்பக்கத்தில் சொல்லித் தமாஷ் பண்ணாதீர்கள். முடியாததை 'வாங்கித் தருகிறேன்' என்று வாக்குக் கொடுக்கவும் வேண்டாம். "அது நம்மால் ஆகாது, ஆனால் உனக்கு அது வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது" என்று சொன்னால் போதும். குழந்தைக்குப் பாதி வரம் அப்போதே கிடைத்துவிடும். மீதிப் பாதியில், ராத்திரி அப்பாவோடு பத்து நிமிஷம் போன் பேசுவதுபோல, நம் கைக்கு எட்டுவதும் ஏதாவது இருக்கும்.

2023-இல் டிஸ்னியார் 'விஷ்' என்று ஒரு சித்திரப் படம் எடுத்தார்கள். அதில் ஒரு ராஜா இருக்கிறான். அவனுடைய ஊரில் பதினெட்டு வயதானவர்கள் எல்லாரும் தங்கள் மனத்திலுள்ள பெரிய ஆசையை அவனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஒப்படைத்த கணத்திலேயே அந்த ஆசை என்ன என்பது அவர்களுக்கு மறந்துபோய்விடும். எப்போதாவது ஒருவருடைய ஆசையை ராஜா நிறைவேற்றுவான். மற்றதெல்லாம் அவனிடமே கிடக்கும். ஆஷா என்ற ஒரு பெண்தான், 'நிறைவேற்றாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதானே?' என்று துணிந்து கேட்கிறாள்.

குழந்தைகளுக்கு அது வெறும் மாயக் கதை. நமக்கு அப்படியா? பாட்டுக் கற்க வேண்டும் என்றோ, மேலே படிக்க வேண்டும் என்றோ, ஒரு தடவை சமுத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்றோ, ஒரு நாள் நம் மனத்திலும் ஏதோ இருந்தது. கல்யாணம், தறி, அடுப்பு, பிள்ளைகள் என்று ஒவ்வொன்றாக வந்தபோது, அதை யாரிடமோ கொடுத்துவிட்டு, கொடுத்ததையும் மறந்துவிட்டோம்.

ஆகையால் சகோதரிகளே, ஒரு முன்னெச்சரிக்கை. நீங்கள் மூன்று வரம் விளையாட்டைத் தொடங்கினால், உங்கள் மகள் சும்மா இருக்கமாட்டாள். தன் மூன்று வரத்தையும் சொல்லி முடித்ததும், உங்கள் முகத்தைப் பார்த்து, "உனக்கு என்ன வரம் வேண்டும், அம்மா?" என்று திருப்பிக் கேட்பாள். "எனக்கென்ன, நீங்கள் நன்றாயிருந்தால் போதும்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளப் பார்க்காதீர்கள். அவளுக்கு ஒரு நிஜமான பதில் தேவை. இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.